ஜெசிந்தா ஏறிய ஜீப்

ஜெசிந்தாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவள் செய்த தப்புகளில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. ஊரில் எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அவளும் அப்படித்தான் ஆரம்பிப்பாள். அதில் அவளுக்கு மனக்குறை ஒன்றும் கிடையாது.

கோம்பைக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில், மாதா கோயிலைச் சுற்றி நாலைந்து தெருக்கள் உள்ள ஊர் அவளுடையது. வயது நாற்பத்தாறு. புருஷன் பெனடிக்ட் திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கப் போகிறவர். பேச்சு குறைவு. பேச வேண்டியதை எல்லாம் ஜெசிந்தா பேசிவிடுவதால் அவருக்கு மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை. ஒரே மகள் அனிதா மேரி பெரியகுளத்தில் விடுதியில் தங்கித் தோட்டக்கலை படிக்கிறாள். ஜெசிந்தா மலைக்கு மேலே, கேரளப் பக்கத்து ஏலக்காட்டுக்குக் காய் எடுக்கப் போகிறவள்.

புதுப் பங்குச்சாமியார் மாறுதலாகி வந்த அன்று, பெண்கள் சார்பில் மாலை போடும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தார்கள். காரில் இருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பாதி வழுக்கை, சாந்தமான முகம். இன்னொருவர் கட்டம் போட்ட டீ-ஷர்ட். ஜெசிந்தா வெள்ளைச் சட்டைக்காரருக்கு மாலையைப் போட்டு, முழங்காலிட்டு ஆசீர்வாதமும் வாங்கிக்கொண்டாள். அவர் டிரைவர். பெயர் அய்யாத்துரை, வருஷம் தவறாமல் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர். அவரும்தான் என்ன செய்வார், காலடியில் ஒரு பெண் முழங்காலிட்டு நிற்கிறாள், தலையில் கை வைத்து நல்லா இருத்தா என்று சொல்லிவிட்டார். டீ-ஷர்ட் போட்டிருந்த சாமியார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மேளக்காரர்கள் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவரைப் பார்க்க, அவர் அடிக்கச் சொன்னார்.

பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து ஜெபம் சொல்கிற அன்பியத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. காலை ஜெபம், பூசை நேரம், உடம்பு சரியில்லாதவர்கள் பெயர் எல்லாம் அதில்தான் வரும். பெனடிக்டுக்கு அனுப்ப வேண்டிய பேச்சை ஒருநாள் அதில் பதிவு செய்து அனுப்பிவிட்டாள். ஆட்டைக் கட்டாமல் எங்கே போய்த் தொலைந்தீர்கள், அது என் உள்பாவாடையை மென்றுகொண்டு நிற்கிறது, வந்து பிடுங்குங்கள் என்பது செய்தி. அதை அழிக்கப் போய், என்னத்தையோ அமுக்கி, இன்னொரு தடவையும் அனுப்பினாள். சாமியார் கேட்டுவிட்டு, கைகூப்புகிற படம் ஒன்று போட்டார். உபதேசியார் இமானுவேல் அதற்குக் கீழே ஆமென் என்று போட்டார். எதையும் கேட்காமலே ஆமென் போடுகிறவர் அவர்.

இதெல்லாம் ஊருக்குள் எப்படிப் பரவியது என்றால், ஜெசிந்தாதான் பரப்பினாள். மறுநாள் விடிகாலை ஏலக்காட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் அவளே எடுத்து விட்டுவிடுவாள். மற்றவர்கள் சொன்னால் அதற்குக் கை, கால் எல்லாம் முளைத்துவிடும், நாமே சொன்னால் நடந்த அளவோடு நிற்கும் என்பது அவள் எண்ணம். சொல்லும்போது சிரிக்க மாட்டாள். இன்றைக்கு மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொல்லுவாள். கேட்கிறவர்கள்தான் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

போன ஐப்பசியில் ஒருநாள் அவள் ஏறியது வேறு ஜீப்.

காட்டுக்குப் போகிற ஜீப்புகள் விடியுமுன்னே, பெரிய ரோட்டில் இருந்து ஊருக்குப் பிரிகிற விலக்கில் வந்து நிற்கும். ஜெசிந்தா போவது அருண்பாண்டி என்பவர் ஓட்டுகிற வண்டியில். அன்று அவருடைய வண்டி டயர் பஞ்சராகி உத்தமபாளையத்திலேயே நின்றுவிட்டது. வழக்கமாக அது நிற்கிற இடத்தில், அதே மாதிரி தார்ப்பாய் போட்ட இன்னொரு ஜீப் நின்றிருந்தது. அதன் டிரைவர் கர்ணன் இறங்கிப்போய் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். விடாத தூறல். ஜெசிந்தா சேலைக்கு மேல் பெனடிக்டின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, அதற்கும் மேல் உரச்சாக்கை மடித்துப் போட்ட கொங்காணி, கையில் தூக்குச்சட்டி என்று வந்து பின்பக்கமாக ஏறினாள். தள்ளி உட்காரச் சொன்னாள். தள்ளி உட்கார்ந்தார்கள்.

ஜீப்பில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவது அவள் வழக்கம். கதை சொல்கிற நாளில் மட்டும் கம்பம் வரைக்கும் முழித்திருப்பாள். அன்று சொல்வதற்குக் கதை எதுவும் இல்லை. கண்ணை மூடுவதற்கு முன் ஒன்றே ஒன்றைக் கவனித்தாள்: வண்டியில் யாரும் பேசவில்லை. முந்தின நாள் காய் எடை போடும்போது நடந்த சண்டையை மனதில் வைத்துக்கொண்டு உம்மென்று இருக்கிறார்கள், பொழுது ஏறினால் சரியாகிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளுடைய தோள் வாகாக இருந்தது. சாய்ந்துகொண்டாள்.

கம்பம்மெட்டு ஏறி, குளிர் காதுக்குள் புகுந்த பிறகுதான் விழித்தாள். வெளிச்சம் வந்திருந்தது. எதிர்ப் பலகையில் வரிசையாகத் தெரியாத முகங்கள். ஒருத்தி மடியில் வாழையிலையில் சுற்றிய ரோஜா மாலை. இன்னொருத்தி மடியில் மடிப்புக் கலையாத கோடி வேட்டி. யாரும் சேலைக்கு மேல் சட்டை போட்டிருக்கவில்லை. யார் கையிலும் தூக்குச்சட்டி இல்லை. முன்சீட்டில் நரைத்த மீசையோடு ஒரு பெரியவர் இருந்தார். ஏலக்காட்டுக்கு யாரும் மாலை வாங்கிக்கொண்டு போவதில்லை. இது சாவு விழுந்த கேத வீட்டுக்குப் போகிற வண்டி என்று ஜெசிந்தா புரிந்துகொண்டாள். புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை என்பதை அவள் பின்னால் கொஞ்சம் பெருமையாகவே சொல்லுவாள்.

உடனே சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து எதிரில் இருந்த அம்மாள் அவள் பக்கம் சாய்ந்து, அவரைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்று கேட்டாள்.

ஜெசிந்தாவுக்குப் பொய் சொல்ல வராது. "நான் பாக்கவே இல்லையேம்மா" என்றாள்.

அவ்வளவுதான். கேட்ட அம்மாள் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினாள். நானும் போய்ப் பாக்கலையே, பாத்து எத்தனை வருஷமாச்சு என்று மாலையை வைத்திருந்தவள் ஆரம்பித்தாள். பலகை முழுக்க அழுகை பரவியது. இத்தனை பேர் அழும்போது, அம்மா, நான் தப்பு வண்டியில் ஏறிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? போனை எடுத்து அருண்பாண்டிக்காவது சொல்லலாம் என்று பைக்குள் கையை விட்டாள். டி.வி. ரிமோட் வந்தது. போன் வீட்டில் டி.வி.க்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. வேறு யாரிடமாவது போன் வாங்கிப் பேசலாம் என்றால், பெனடிக்டின் நம்பர் உட்பட எந்த நம்பரும் அவளுக்கு மனப்பாடம் கிடையாது. ரிமோட்டைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, வருவது வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. பக்கத்தில் நாலு பேர் கொட்டாவி விட்டால் நமக்கும் வருகிறதல்லவா, அப்படி.

வண்டி வண்டன்மேட்டைத் தாண்டி, ஒரு எஸ்டேட்டுக்குள் போய், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் நின்றது. இறந்து போனவர் சின்னக்கருப்பு. கோம்பையில் பிறந்து, சின்ன வயதிலேயே மலைக்கு வந்து, அந்த எஸ்டேட்டில் காவல்காரராக இருந்தவர். மனைவி போய் வெகுநாள் ஆகிறது. மகள் சோணையம்மாளும் மருமகன் மாரிசெல்வமும்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டார்கள். ஜீப்பில் வந்தவர்கள் கோம்பைச் சொந்தங்கள். முன்சீட்டுப் பெரியவர் அம்மாவாசி, இறந்தவருக்கு மச்சினன் முறை.

இறங்கியதும் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். சோணையம்மாள் வாசலுக்கு வந்தாள். முதலில் கைக்கு அகப்பட்டது ஜெசிந்தா. "இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்" என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காத சொந்தங்களைக் குத்தி அவள் சொன்னது அது. ஜெசிந்தாவுக்கும் பொருந்தத்தான் செய்தது.

அதற்குப் பிறகு அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சட்டையையும் கொங்காணியையும் பார்த்து, கோம்பைக்காரர்கள் அவளை எஸ்டேட் ஆள் என்று நினைத்தார்கள். ஜீப்பில் இருந்து இறங்கியதைப் பார்த்து, எஸ்டேட்காரர்கள் கோம்பைச் சொந்தம் என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் திருப்தியாக இருந்தது.

திரும்புகிற ஜீப் மத்தியானத்துக்கு மேல்தான். ஜெசிந்தாவுக்குக் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார வராது. மழையில் வாசல் சேறாகி, வருகிறவர்கள் வழுக்கிக்கொண்டிருந்தார்கள். லயத்துக்குப் பின்னால் கிடந்த பலகைக் கற்களைத் தூக்கி வந்து நடைபாதையாகப் போட்டாள். பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி பெரிய பாத்திரத்தில் கட்டன் சாயா போட்டு வந்து, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள். ஜெசிந்தா வாங்கி எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். இழவு வீட்டில் சிலர் கேட்க வெட்கப்பட்டு ஓரமாக நிற்பார்கள். அவர்களைத் தேடிப் போய்க் கொடுத்தாள்.

ஊற்றிக் கொடுத்துக்கொண்டே ஒன்றைக் கவனித்தாள். வருகிறவர்கள் எல்லோரும் சோணையம்மாளிடம், ஒரு வாய் சாப்பிடுத்தா, உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று சொன்னார்கள். சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள். சொன்னவர்களில் ஒருவர் கையிலும் சோறு இல்லை. முந்தின நாள் காலையில் இருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சேச்சி சொன்னாள்.

ஜெசிந்தா அவளைக் கையைப் பிடித்துக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போனாள். துணி துவைக்கிற கல்லில் உட்கார வைத்து, தூக்குச்சட்டியைத் திறந்தாள். புளிச்சோறு. ஒரு கவளம் உருட்டிக் கொடுத்தாள். சோணையம்மாள் மறுக்கவில்லை, மறுக்கத் தெம்பு இல்லை. இரண்டு கவளம் உள்ளே போனது. மூன்றாவதை மென்றுகொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"அக்கா, இதுல என்ன போட்டீக?"

"புளிச்சோறுத்தா. மல்லியை வறுத்துப் பொடிச்சு வச்சிருந்தேன், அதுல ரெண்டு கரண்டி தூவுனேன்."

"மல்லி இல்லக்கா. காப்பித்தூளு."

ஜெசிந்தா ஒரு வாய் அள்ளிப் போட்டுப் பார்த்தாள். காப்பித்தூள்தான். இரண்டையும் ஒரே மாதிரி பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறாள்; விடிகாலையில் கரண்ட் இல்லை. "ஆமா, காப்பித்தூளுதான்" என்று ஒத்துக்கொண்டாள். வேறென்ன சொல்வது? துப்பிவிடு, வேறு ஏதாவது பார்க்கலாம் என்று சட்டியை மூடப்போனாள்.

சோணையம்மாள் மூட விடவில்லை. தானே கையை விட்டு இன்னொரு பிடி எடுத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எங்கப்பாவுக்குக் காப்பின்னா உசுரு. குடிக்கவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. முந்தாநாள் பூராவும் கேட்டாரு, நான் குடுக்கல." கொஞ்ச நேரம் மென்றாள். "சோத்துல போட்டுக் குடுக்கலாம்னு எனக்குத் தோணலையே."

சொன்னவள் சிரித்துவிட்டாள். முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம்தான் வந்தது. அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் வாயைப் பொத்தியும் அடக்க முடியவில்லை. கல்லில் இருந்து சரிந்து ஜெசிந்தாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். ஜெசிந்தா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். தான் செய்த தப்புக்கு ஒருத்தி இப்படிச் சிரிப்பதை அவள் ஜீப்பில் நிறையப் பார்த்திருக்கிறாள். இழவு வீட்டில் பார்த்ததில்லை.

சத்தம் முன்வாசல் வரைக்கும் போய்விட்டது. தகப்பனை நினைத்துத் தாங்க முடியாமல் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, கோம்பைப் பெண்கள் மொத்தமாக எழுந்து கொல்லைக்கு ஓடி வந்தார்கள். குலுங்குகிற முதுகு மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்தது. சுற்றி உட்கார்ந்து, அழாதத்தா, அழாதத்தா என்று அவர்களும் ஓங்கி அழ ஆரம்பித்தார்கள். அவர்கள் அழ அழ, சோணையம்மாளுக்குச் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. மூச்சு முட்டியது. அவள் அழவில்லை என்று ஜெசிந்தா இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. சோணையம்மாள் தலையைத் தூக்கினால் எல்லாம் கெட்டுவிடும். தகப்பன் கிடக்கும்போது மகள் சிரித்தாள் என்று ஊருக்குள் போகும். அதைத் திசை திருப்ப ஒரு வழிதான் இருந்தது.

ஜெசிந்தா எழுந்து நின்றாள். இதுவரை போடாத சத்தத்தைப் போட்டாள்.

"எனக்கு இங்கன யாரையுமே தெரியாது. நான் ஏலக்காட்டுக்குப் போக வேண்டியவ. வண்டி மாறி ஏறிட்டேன்."

ஒப்பாரி நின்றது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மூக்கைச் சிந்தப்போன கைகள் அப்படியே நின்றன. எதிர்ப் பலகையில் உட்கார்ந்து கேள்வி கேட்ட அம்மாள், பாக்கவே இல்லைன்னு சொன்னியே என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமாம்மா. இன்னைக்குத்தான் முதத் தடவை பாக்கிறேன்."

சோணையம்மாள் ஓய்ந்துகொண்டிருந்தாள். இதைக் கேட்டதும் திரும்ப ஆரம்பித்துவிட்டாள். இந்தத் தடவை அவள் மட்டும் இல்லை. கேள்வி கேட்ட அம்மாள் முந்தானையை எடுத்து வாயை அடைத்துக்கொண்டாள். மாலை கொண்டுவந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றாள். அத்தனை பேரும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்கள். முன்வாசலில் இருந்த ஆண்களுக்குக் கேட்டது பெரிய அழுகைதான். பொம்பளைகள் ரொம்பச் சங்கடப்படுகிறார்கள், வெட்டியாக உட்காராமல் சட்டுப்புட்டென்று காரியத்தைப் பாருங்கள் என்று அம்மாவாசி விரட்டினார்.

விரட்டிவிட்டு அவரும் கொல்லைக்கு வந்து எட்டிப் பார்த்தார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நடுவில் சட்டை போட்டுக்கொண்டு ஒருத்தி நிற்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. யார் இது, எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டார்.

ஜெசிந்தா சொல்லத் தயாராகத்தான் இருந்தாள். சோணையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முந்திவிட்டாள். "எனக்குச் சோறு கொண்டாந்தவுக, மாமா."

அம்மாவாசி தூக்குச்சட்டியைப் பார்த்தார். தான் அதைச் செய்யவில்லை என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். சரித்தா என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

உடலை எடுத்துக்கொண்டு ஆண்கள் எஸ்டேட் சுடுகாட்டுக்குப் போனார்கள். அந்த நேரம் யாரும் சிரிக்கவில்லை. ஜெசிந்தாவும் மற்றவர்களோடு பாதை முனை வரைக்கும் போய் நின்று அழுதாள். இந்தத் தடவை ஒரு ஆளை நினைத்து அழ முடிந்தது. காப்பி கேட்டுக் கிடைக்காத ஆள். திரும்பி வந்து எல்லோரும் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். ஜெசிந்தாவிடம் மாற்றுச் சேலை ஏது? நனைந்த சட்டையோடு நடுங்கிக்கொண்டு நின்றவளைச் சோணையம்மாள் உள்ளே கூப்பிட்டு, பெட்டியில் இருந்து ஒரு சேலையை எடுத்துக் கொடுத்தாள். நீலத்தில் மஞ்சள் பூப்போட்டது, நல்ல சேலை. பழசு ஏதாவது கொடுத்தால் போதும் என்று ஜெசிந்தா சொல்லிப் பார்த்தாள். கட்டுங்க என்றாள் சோணையம்மாள்.

திரும்பி வரும்போது அவளுக்கு அதே இடம்தான் வாய்த்தது. பக்கத்தில் அதே தோள். தோளுக்குச் சொந்தக்காரியின் பெயர் சிம்ரன். சின்னக்கருப்புக்குப் பேத்தி முறை, தேனி பக்கம் ஒரு நூல் மில்லில் ஷிப்டு வேலை பார்க்கிறவள். காலையில் இருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மெட்டு இறங்கும்போது சொன்னாள்:

"நீங்க ஏறுனப்பவே எனக்குத் தெரியும் அத்தை. நம்மாளு இல்லைன்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லத்தா?"

"ஏறுன உடனே தூங்கிட்டீக. நைட் ஷிப்டு பாத்துட்டு பஸ்ல வரையில என்னைய யாராச்சும் எழுப்புனா எனக்குக் கெட்ட கோவம் வரும். அதான் விட்டுட்டேன். மெட்டுல சொல்லிக்கிடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க அழ ஆரம்பிச்சுட்டீக."

ஜெசிந்தா இதைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள். அந்தப் பிள்ளை செய்தது நல்ல காரியம் என்றுதான் அவளுக்குப் பட்டது. அதனால் ஒரு நாள் வேலை போய்விட்டது என்பது வேறு விஷயம். சிம்ரன் அவளுடைய போன் நம்பரைக் கேட்டாள். தெரியாது என்றாள் ஜெசிந்தா. தன் நம்பரை அவள் எதற்கு மனப்பாடம் செய்யப் போகிறாள்? சிம்ரன் தன் நம்பரை ஒரு துண்டுத் தாளில் எழுதி, ரிமோட்டின் பின்மூடியைக் கழற்றி, பேட்டரிக்கு மேல் வைத்து மூடிக் கொடுத்தாள். தொலையாது என்றாள்.

அங்கே ஊரில், ஜெசிந்தாவைக் காணோம் என்று காலையிலேயே தெரிந்துவிட்டிருந்தது. அருண்பாண்டி டயரை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தபோது ஜெசிந்தாவைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். பெனடிக்டுக்குப் போன் போட்டார். ஜெசிந்தாவுக்குப் போட்டபோது அது டி.வி.க்குப் பக்கத்தில் அடித்தது. பெனடிக்ட் மருந்தடிக்கப் போகவில்லை. கம்பத்தில் இருக்கிற கொழுந்தியாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். பஸ் நிலையத்தில் பார்த்தார். பதறினாரா என்றால், பதறவில்லை என்றுதான் சொல்லுவார். எங்கேயாவது பத்திரமாகத் தப்பாக இருப்பாள் என்று கொழுந்தியாளிடம் சொன்னாராம். ஆனால் மத்தியானத்தில் இருந்து ஊர் விலக்கில் பைக்கை நிறுத்திக்கொண்டு, சாப்பிடாமல், ஒவ்வொரு ஜீப்பாகப் பார்த்துக்கொண்டு நின்றதை டீக்கடைக்காரர் பிறகு சொன்னார்.

பொழுது சாயும் நேரத்தில் அவருக்குத் தெரியாத ஒரு ஜீப் வந்து நின்றது. அவருக்குத் தெரியாத சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஈரத்தலையோடு, அவர் பெண்டாட்டி இறங்கினாள். உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் அவளைப் பெயர் சொல்லி, போய்ட்டு வாக்கா, பாத்துப் போத்தா என்று வழியனுப்பினார்கள்.

பெனடிக்ட் சேலையைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். "சாப்பிட்டியா?" என்றார்.

வீட்டுக்குப் போகிற வழியில், பைக்கின் பின்னால் உட்கார்ந்து ஜெசிந்தா முழுவதையும் சொன்னாள். காப்பித்தூளைச் சொன்னாள், ஒப்பாரியைச் சொன்னாள். அவர் திரும்பவும் இல்லை, ஒரு கேள்வி கேட்கவும் இல்லை. அவருடைய முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது. ரோடு மோசம் என்று ஜெசிந்தா நினைத்தாள். ஆனால் அந்த ரோட்டைப் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மறுநாள் அருண்பாண்டியின் ஜீப்பில் கதை கம்பம் வரைக்கும் போதவில்லை. மெட்டு ஏறியும் போனது.

நவம்பர் மாதம் இறந்தவர்களுக்கான மாதம். தங்கள் வீட்டில் இறந்து போனவர்களின் பெயரைக் கொடுத்தால் பூசையில் வாசிப்பார்கள். ஜெசிந்தா தன் அப்பா அம்மா பெயரோடு சின்னக்கருப்பு என்றும் சொன்னாள். இமானுவேல் உபதேசியார் எழுதுகிற கையை நிறுத்தி, ஞானஸ்நானப் பெயர் என்ன என்று கேட்டார். அப்படி ஒன்று கிடையாது, கருப்பசாமிக்கு நேர்ந்து வைத்த பெயராக இருக்கும் என்றாள் ஜெசிந்தா. உபதேசியாருக்கு இதற்கு ஆமென் போட வரவில்லை. சாமியாரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன் என்றார்.

சாமியார் நடந்ததைக் கேட்டார். உபதேசியார் சொன்னது போதவில்லை என்று ஜெசிந்தாவையே கூப்பிட்டு இன்னொரு தடவை கேட்டார். காப்பித்தூள் வந்த இடத்தில் மேசையில் இருந்த கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார், வெகுநேரம் துடைத்தார். எழுதச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், மரிய சவரி, ஞானம்மாள், சின்னக்கருப்பு, ஆரோக்கியம் என்று நடுவில் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டு போனார். இரண்டு மூன்று தலைகள் திரும்பின. ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பெரியவருக்கு அங்கே நல்ல காப்பியாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். பெனடிக்ட் பக்கத்தில் முழங்காலிட்டு இருந்தார்.

ரிமோட்டுக்குள் இருந்த நம்பருக்கு ஜெசிந்தா ஒருநாள் பேசியிருந்ததால், சிம்ரனிடம் அவள் நம்பர் இருந்தது. அதை வாங்கி, கருமாதிக்கு வர வேண்டும் என்று சோணையம்மாளே போன் செய்தாள். சேலையை வெளுத்து மடித்து எடுத்துக்கொண்டு, பெனடிக்டையும் கூட்டிக்கொண்டு ஜெசிந்தா புறப்பட்டாள். ஜீப் வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டதால் பஸ்ஸில் போனார்கள். அவரே போர்டைப் படித்து, கண்டக்டரிடமும் கேட்டு, பிறகுதான் அவளை ஏறவிட்டார். சரியான பஸ், சரியான நிறுத்தம், சரியான லயம். வாசலில் பந்தல் இல்லை, ஆள் இல்லை. மாரிசெல்வம் தனியாக உட்கார்ந்து அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். கருமாதி மறுநாள்.

பெனடிக்ட் ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சத்தம் கேட்டு சோணையம்மாள் வெளியே வந்தாள். ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. சேலையை வாங்கிப் பார்த்து, நீங்களே கட்டிக்கிடுங்கக்கா என்று திரும்ப ஜெசிந்தாவின் கையிலேயே வைத்தாள். பிறகு உள்ளே போய், ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தை இழுத்து வந்து அவள் முன்னால் போட்டாள்.

"நாளைக்குச் சமையலுக்கு இம்புட்டையும் யாரு உரிக்கிறதுன்னு இப்பத்தான் பேசிக்கிட்டு இருந்தோம்" என்றாள்.